ஏலம் போன முதற்பலன்

அத்தியாயம் 11

ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபத்துக்குள் பிளஸ்ஸி காலை வைத்தபோது ராபர்ட் பக்கத்தில் இல்லை. வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு வருவதாகச் சொன்னவன் போனவன்தான். நிழல் தேடி மதுரைக்கே போய்விட்டானோ என்று அவள் எரிச்சலோடு நினைத்துக்கொண்டாள்.

ராஜபாளையத்திலிருந்து வந்த வழி முழுக்க அவன் வாயே திறக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அப்படித்தான் இருக்கிறான். கேட்டால் ஒன்றுமில்லை என்பான். ஒன்றுமில்லை என்று ஒரு புருஷன் சொன்னால் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம். அது தெரிந்தும் பிளஸ்ஸி தோண்டிக் கேட்கவில்லை. அவள் மனசு முழுக்கத் தோளில் தொங்கிய கட்டைப்பையில் இருந்தது. பைக்குள் அவளுடைய டப்பா இருந்தது.

டப்பாவின் கதையை மறந்தவர்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்யாணத்துக்கு முன் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் நின்றவள் பிளஸ்ஸி. அங்கே தேய்ந்து கழித்துப்போடும் ரப்பர் உருளைகளைப் பார்த்த அதே கண், மாமியார் ஏசம்மாள் சின்ன வெங்காயம் உரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைப்பதையும் பார்த்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். எவர்சில்வர் தூக்குவாளியின் உள்பக்கம் சாய்வாக ரப்பர் விரல்கள், மூடியில் ஒரு கைப்பிடி. காம்பு கிள்ளி ஊறவைத்த வெங்காயத்தைப் போட்டுச் சுற்றினால் தோல் தனியே வரும், வெங்காயம் தனியே வரும். மில் ரப்பரில் வாடை போகவில்லை என்று பிறகு குக்கர் கேஸ்கட்டுக்கு மாறினாள். மில்லில் ஒரு ஷிப்டை மூடியதில் வேலை போய், வீட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த ராபர்ட் அவள் சொன்னபடி தகடு வெட்டினான், துளை போட்டான், வெல்டிங் வைத்தான்.

முதல் டப்பா சரியாக வந்த அன்றைக்கே ஏசம்மாள் ஒரே பிடியாக நின்றாள். முதற்பலன் கர்த்தருக்கு என்றாள். வாழையின் முதல் குலையும் கோழியின் முதல் முட்டையும் கோயிலுக்குப் போகிற வீட்டில், வெங்காய டப்பாவுக்கு மட்டும் விலக்கு உண்டா? காணிக்கையாக வந்த பொருட்களை ஏலம் விட்டுக் கோயிலுக்குப் பணம் சேர்க்கும் அறுப்பின் பண்டிகையில், சபை நடுவே அது ஏலத்துக்கு வந்தது. ராபர்ட்டின் அக்கா தங்கபாயின் கணவர் ஞானதுரை விடாமல் கேட்டு அதை எடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் அவர். இப்போது பிளஸ்ஸியின் பைக்குள் இருந்தது அதற்குப் பிறகு செய்த இன்னொரு டப்பா.

அதே ஞானதுரைதான் இன்றைய ஏற்பாட்டையும் செய்திருந்தார். வீட்டு உபயோகப் பொருட்களின் கண்காட்சி இது. முதல் நாள் வியாபாரிகளுக்கு மட்டும். மதுரை மொத்த வியாபாரி ஐயாதுரை வருகிறார். அவர் சரி என்று தலையாட்டினால் தெற்கே இருக்கிற பாத்திரக்கடை அத்தனையிலும் பிளஸ்ஸியின் டப்பா தொங்கும். ஆனால் பிளஸ்ஸிக்கு வேண்டியிருந்தது வெறும் வியாபாரம் இல்லை. சபைக்கு வெளியே ஒரு பெரிய மனிதர் முன்னால் நின்று, இது நான் யோசித்து நான் செய்தது என்று அவள் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் வாக்கியத்தைக்கூட வீட்டில் பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்திருந்தாள்.

ஐயாதுரை இன்னும் வந்திருக்கவில்லை. சரி, அதுவரை சுற்றிப் பார்க்கலாம் என்று நடந்தாள்.

மண்டபத்தில் மணமேடை இருந்த இடத்தில் மிக்சிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கயிற்றை இழுத்தால் பூண்டு நறுக்கும் கிண்ணம், ஜன்னல் கண்ணாடியின் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் துடைக்கும் காந்தக் கட்டை, தேங்காய்த் தண்ணீர் சிந்தாமல் உடைக்கும் இடுக்கி, மடித்துச் சுவரில் மாட்டிவிடக்கூடிய வாளி. தானே சுற்றித் தரை துடைக்கும் வட்ட மெஷின் ஒன்று வியாபாரிகளின் கால்களில் முட்டி முட்டித் திரும்பியது. பெரிய பெரிய ஆண்களெல்லாம் மரியாதையாகக் காலைத் தூக்கி அதற்கு வழி விட்டார்கள். வீட்டில் பெண்டாட்டி துடைப்பத்தோடு வரும்போது இவர்களில் எத்தனை பேர் காலைத் தூக்கியிருப்பார்களோ தெரியவில்லை.

பிளஸ்ஸி ஒவ்வொன்றையும் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். இதை முதலில் யோசித்த பெண் யாராக இருப்பாள் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டாள். ஆணாகவும் இருக்கலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

மூலைக்கடையில் நல்ல கூட்டம். அங்கே போகும் வழியில் அவள் செருப்பில் வெங்காயத் தோல் ஒட்டியது.

எட்டிப் பார்த்தாள். கம்பெனிச் சட்டை போட்ட ஒரு பெண், கழுத்தில் பாண்டிசெல்வி என்று அட்டை தொங்க, வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சின்ன வெங்காயத்தை அள்ளிப் போட்டு, மூடியை அழுத்தி, கைப்பிடியைச் சுற்றினாள். திறந்து கவிழ்த்தாள். தோல் தனியே வந்தது. கூட்டம் ஆகா என்றது.

உலகத்தில் இரண்டு பேருக்கு ஒரே யோசனை வரக்கூடாதா என்று பிளஸ்ஸி முதலில் தன்னையே சமாதானப்படுத்தப் பார்த்தாள். பிறகு மூடியைக் கையில் எடுத்தாள். அதன் ஓரத்தில் ஒரு சின்னக் குமிழ் இருந்தது.

முதல் டப்பாவில் கைப்பிடிக்குத் துளை போட அவள் குறித்துக் கொடுத்த இடம் தப்பாகிப் போனது. ராபர்ட் துளைத்த பிறகுதான் தெரிந்தது. அந்தத் துளையை ரிவிட் அடித்து மூடிவிட்டு, வேறு இடத்தில் சரியாகப் போட்டார்கள். அந்த ரிவிட்டுக்கு ஒரு வேலையும் கிடையாது. இந்தக் கம்பெனிக்காரன் அது எதற்கு என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் பிளாஸ்டிக்கில் வார்த்து வைத்திருக்கிறான். அவள் செய்த பிழையைக்கூட அவளுக்கென்று விட்டுவைக்கவில்லை.

இதை உங்களுக்கு யார் கொடுத்தது என்று கேட்டாள். பாண்டிசெல்விக்கு எதுவும் தெரியவில்லை. கோயமுத்தூரிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தது, மேனேஜர் வினோத் சார் சாப்பிடப் போயிருக்கிறார், வேண்டுமானால் டெமோ இன்னொரு தடவை காட்டட்டுமா என்று கேட்டாள்.

பிளஸ்ஸிக்கு வேறு டெமோ தேவைப்படவில்லை. முதல் டப்பா ஏலத்தில் போனது ஞானதுரை கைக்கு. அப்படியானால் கணக்கு நேராக அவரிடம்தான் போய் முடிந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு மட்டும் கூடவா இருக்கப்போகிறது?

ஞானதுரையும் தங்கபாயும் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் அவருக்குத் தெரிந்த கடைக்காரர்கள். பிளஸ்ஸி யாரையும் பார்க்கவில்லை.

"கர்த்தருக்குக் கொடுத்ததைக் கோயமுத்தூர்க்காரனுக்கு வித்துட்டியளே அண்ணாச்சி. கோயில் காணிக்கையைத் திருடித் திங்கதுக்கு உங்களுக்கு மனசு எப்படி வந்திச்சு?"

டீ குடித்தவர்கள் கையில் கப்போடு அப்படியே நின்றார்கள். தங்கபாய்க்கு முகம் சிவந்தது. "ஏட்டி, யாரைப் பார்த்து என்ன வார்த்தை பேசுத?" என்று அவள் முன்னால் வந்தாள். பிளஸ்ஸி நிறுத்தவில்லை. மூலைக்கடையில் போய்ப் பாருங்கள் என்றாள். நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டீர்கள் என்றாள். ஐயாதுரையை வரச்சொன்னதுகூட அவமானப்படுத்தத்தானா என்றாள். கோபத்தில் சொல்லக்கூடாதவற்றில் பாதிக்கு மேல் சொல்லிவிட்டாள்.

ஞானதுரை கப்பைச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு அவளைத் தனியே அழைத்துப் போனார். அவர் குரல் உயரவில்லை.

காணிக்கைப் பொருளை ஏலத்தில் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவர் குடும்பத்தில் கிடையாது. எடுப்பதே மறுபடி கொடுக்கத்தான். ராஜபாளையத்தில் எடுத்த டப்பாவை அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் சபையின் பண்டிகையில் அவர் காணிக்கையாக வைத்துவிட்டார். அங்கே அது இரண்டாவது முறை ஏலம் போனது. பிளஸ்ஸி மனசு வருத்தப்படுவாளோ என்று அதை அவளிடம் சொல்லாமல் இருந்துவிட்டார்கள்.

"அங்க யார் எடுத்தா?" என்றாள் பிளஸ்ஸி.

அவர் மனைவியைப் பார்த்தார். தங்கபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிருங்க. இனி மறைச்சு என்ன ஆகப்போகுது?" என்றாள்.

"ராபர்ட்டுதான் எடுத்தான். நீ போட்ட மொத சாமான், உன் கல்யாண நாளுக்கு உனக்கே திருப்பிக் கொடுக்கணும், யாரும் சொல்லிராதீயன்னு கெஞ்சிக் கேட்டான். புருஷன் ஆசையா செய்யுதான், நாம ஏன் கெடுக்கணும்னு இருந்துட்டோம்" என்றார் ஞானதுரை.

கல்யாண நாள் வந்து போய்விட்டது. அன்றைக்கு ராபர்ட் வீட்டில் இல்லை. பட்டறைக்கு ஏதோ ஸ்பேர் வாங்க வேண்டும் என்று கோயமுத்தூர் போயிருந்தான்.

பிளஸ்ஸி திரும்பி நடந்தாள். ஞானதுரையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது உறைக்கவே இல்லை. அழுகையும் வரவில்லை.

மண்டபத்தின் பின்பக்கம், சமையல் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்திருக்கும் இடத்தில் ராபர்ட் நின்றான். கையில் போன் இருந்தது. அவளைப் பார்த்ததும் அதைப் பைக்குள் போட்டான். அவள் முகத்தைப் பார்த்தவுடனேயே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"எனக்குக் கொடுக்கத்தான் ஏலத்துல எடுத்தியளா?" என்றாள் பிளஸ்ஸி.

எடுக்கும்போது அதற்காகத்தான் எடுத்தேன் என்றான். அது சத்தியம் என்றான். பிறகு மில்லில் கூட வேலை பார்த்த ஒருவன் மூலம் கோயமுத்தூர் கம்பெனி பழக்கமானது. டப்பாவைக் காட்டினான். அவர்கள் கண் விரிந்தது. யார் செய்தது என்று கேட்டார்கள்.

"நான்னு சொன்னேன்."

"எப்படிச் சொன்னிய?"

"வெட்டுனது யாரு? துளை போட்டது யாரு? என் கை படாம அது டப்பா ஆயிருக்குமா?" என்று அவன் திடீரென்று குரலை உயர்த்தினான். "டீக்கடையில எனக்கு என்ன பேருன்னு தெரியுமாட்டி உனக்கு? வெங்காயக்காரி மாப்பிள்ளை. மில்லுல பிட்டரா இருந்தவன் நான். ஒரு மெஷின் நின்னா என்னைத்தான் தேடி வருவானுவ. இப்போ அவங்க சூப்பர்வைசர் வேலை தாராங்க. அடுப்படியில பொம்பளை யோசிச்சதுன்னு சொல்லியிருந்தா எவன் மதிப்பான்?"

"அடுப்படியில யோசிச்சதைத்தானே உள்ள அம்புட்டுப் பேரும் வாயைப் பிளந்துக்கிட்டுப் பாக்காவ."

ராபர்ட் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் கஷ்டம் அவளுக்குத் தெரியாதது இல்லை. வேலை போன நாளிலிருந்து அவன் தெருவில் குனிந்து நடப்பதைப் பார்த்துப் பார்த்து அவளும் வெந்திருக்கிறாள். கேட்டிருந்தால் இருவர் பெயரையும் சேர்த்துப் போடச் சந்தோஷமாகச் சம்மதித்திருப்பாள். அவன் கேட்கவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

பையைத் திறக்காதே, ஐயாதுரையைப் பார்க்காதே, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்வோம் என்றான். பிளஸ்ஸி பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் பின்னாலேயே வந்தான்.

ஐயாதுரை ஏற்கெனவே மூலைக்கடையில் நின்றார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வினோத் சிரித்த முகமாக விளக்கிக்கொண்டிருந்தான். ஞானதுரையும் தங்கபாயும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். கூட்டிவந்த மனிதரை நடுவில் விட்டுப் போக முடியாமல் நின்றார்களே தவிர, பிளஸ்ஸியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

பிளஸ்ஸி நேராகப் போய்த் தன் எவர்சில்வர் டப்பாவை மேசைமேல் வைத்தாள். வீட்டில் சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கில் வரவில்லை. "இது நான் செஞ்சதுங்க. இவங்க வச்சிருக்கதும் நான் செஞ்சதைப் பார்த்து அடிச்சது" என்று மட்டும் சொன்னாள்.

ஐயாதுரை இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ரப்பர் ஒரே சாய்வில் இருந்தது. வினோத்துக்குச் சிரிப்பு போய்விட்டது. ஆனாலும் சமாளித்தான். இதை வடிவமைத்தவர் எங்கள் ஆள்தான், இதோ இங்கேயே நிற்கிறார், நீங்களே கேளுங்கள் என்று ராபர்ட்டைக் கைகாட்டினான்.

ஐயாதுரை பிளஸ்ஸியையும் ராபர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் யாரு?"

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் பிளஸ்ஸி.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஐயாதுரை சிரிக்கவில்லை. அவர் ராபர்ட்டிடம் திரும்பி, "தம்பி, ஒரே கேள்விதான். இதைச் செஞ்சது நீங்களா, உங்க சம்சாரமா?" என்று கேட்டார்.

ராபர்ட் வினோத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். இத்தனைக்குப் பிறகும், அவன் உண்மையைச் சொல்லிவிடுவான் என்றுதான் பிளஸ்ஸி நம்பினாள்.

"நான்தான் செஞ்சேன்" என்றான் ராபர்ட். "அவ வெங்காயம் போட்டுப் பார்த்தா. அம்புட்டுத்தான்."

ஐயாதுரை கண்ணாடியை இறக்கிக்கொண்டார். வேறு யாருக்காவது தெரியுமா அம்மா என்று பிளஸ்ஸியிடம் கேட்டார். தெரியும். சபை முழுக்கத் தெரியும். ஆனால் சபை இங்கே இல்லை. இந்த மண்டபத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர்களைத்தான் செத்த நேரத்துக்கு முன்னால் ஊர் பார்க்கத் திருடர்கள் என்று சொல்லியிருக்கிறாள். அதிலும் ஒருத்தி ராபர்ட்டோடு கூடப் பிறந்தவள். எந்த முகத்தோடு அவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவது?

அவள் கூப்பிடவில்லை. ஞானதுரையின் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, நான் பேசுனது பெரிய தப்பு. என்னை மன்னிச்சிருங்க. மதினி, நீங்களும்."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி வந்து தன் டப்பாவை மூடி, பைக்குள் வைக்கப் போனாள்.

"அதை எடுக்காதட்டி" என்றாள் தங்கபாய்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தம்பியின் எதிரே நின்றாள். தம்பியை அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவனுக்கு எதிராக ஒரு சொல் சொன்னவளில்லை.

"ஏலே ராபர்ட், எங்க கோயில்ல ஏலத்துக்கு நீ என்ன சொல்லிக் கை தூக்குன? எல்லாரும் கேக்க, 'இது எம் பெஞ்சாதி தன் புத்தியால செஞ்சது, இது வேற வீட்டுக்குப் போகக்கூடாது'ன்னு சொன்னியா இல்லையா? அன்னைக்கு உன்னை நெனச்சு எனக்கு எம்புட்டுப் பெருமையா இருந்திச்சு தெரியுமா? பலிபீடத்துக்கு முன்னால சொன்னது பொய்யா, இங்க சொல்லுதது பொய்யா? ஒண்ணைச் சொல்லு."

ராபர்ட்டின் முகம் ஒரு கணம் அழப்போகும் பிள்ளையின் முகமாக ஆனது. அவன் அக்காவையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். வினோத் பதறிப்போய் அவன் பின்னால் ஓடினான். கதவு வழியே பார்த்தால், கம்பெனியின் வெள்ளைக் கார் கிளம்புவது தெரிந்தது. ராபர்ட் முன்சீட்டில் இருந்தான்.

கூட்டம் கலைந்தது. பாண்டிசெல்வி யாரும் சொல்லாமலேயே வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.

ஐயாதுரை பிளஸ்ஸியின் டப்பாவை மறுபடி கையில் எடுத்துக் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். "நான் வியாபாரிம்மா, பஞ்சாயத்து பேச வரல. இந்த அம்மா சொன்னதை நம்புறேன். ஆனா நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரன் வக்கீல் வச்சுப் பேசுவான். அதனால நானே கண்ணால பார்க்கணும். வர்ற வெள்ளிக்கிழமை ராஜபாளையம் வர்றேன். உங்க பட்டறையில, என் முன்னாடி, வெறும் தகட்டுலேர்ந்து ஒண்ணு செஞ்சு காட்டுங்க. வேற யார் கையும் படக்கூடாது. சரின்னா சொல்லுங்க."

"சரிங்க" என்றாள் பிளஸ்ஸி. யோசிக்கக்கூட இல்லை.

அவர் போனதும் தங்கபாய் அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் கோபம் இன்னும் முழுக்கத் தணியவில்லை, ஆனால் கையை விடவில்லை. துளை போடத் தெரியுமா என்று கேட்டாள். பார்த்திருக்கிறேன் என்றாள் பிளஸ்ஸி. வெல்டிங்? அதையும் பார்த்துத்தான் இருக்கிறாள், ஒரு நாளும் கையில் பிடித்ததில்லை. கற்றுக்கொள்கிறேன் மதினி, இன்றைக்கே போய்ப் பட்டறையைத் திறந்து உட்காருகிறேன் என்றாள்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் பேச்சு நின்றது.

"என்னட்டி?" என்றாள் தங்கபாய்.

"பட்டறைக்கு ஒரே சாவிதான் மதினி. அது அவிய பாக்கெட்டுல இருக்கு."